ஈரச்சாக்கு கட்டிய வீடு

எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயில் முதலில் வருகிற சொல், "தாங்குமா?"

நன்றாயிருக்கிறது, அழகாயிருக்கிறது, எங்கே வாங்கினாய் என்பதெல்லாம் அப்புறம். பல நேரம் அப்புறமும் வராது. நான் புது மோட்டார் சைக்கிள் எடுத்தபோது முதலில் அவர் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். சீட்டை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். பின்சக்கரத்தைக் காலால் தட்டினார். "ரெண்டு மூட்ட தீவனம் வெச்சாத் தாங்குமா தம்பி?" என்றார். வண்டி என்ன நிறம் என்று மறுநாள் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தொழில் அப்படி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் அவர் தச்சர். எலும்புக்கூடு மாதிரி வந்து நிற்கிற வண்டிக்கு மரமும் இரும்பும் வைத்து உடம்பு கட்டிக் கொடுக்க வேண்டும். "பளபளப்பு பெயிண்டர் பாடு. பாரத்தோட வளைவுல திரும்பறப்ப நிக்கறது நம்ம பாடு" என்பார்.

எனக்குப் பெண் பார்க்க எருமப்பட்டிப் பக்கம் போனபோது, பெரியவர் ஒருத்தர் கூட இருக்கட்டும் என்று அவரை அழைத்துப் போயிருந்தோம். எல்லாரும் பஜ்ஜியும் காப்பியுமாகப் பேசிக்கொண்டிருக்க, அவர் அந்த வீட்டு உத்தரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, "பொண்ணு எப்படிங்ணா?" என்று கேட்டேன்.

"புள்ள நல்லாத்தான் இருக்குது. உன்ற வாய அது தாங்குமான்னுதான் ரோசன பண்ணீட்டு வாரேன்."

என் வாய் அப்படி. பகலில் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். சாயங்காலம் கல்யாண வரவேற்புகளில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு மைக் பிடித்து அறிவிப்புச் சொல்கிறவன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் கிடைத்தால் மாப்பிள்ளை வீட்டுச் சமையல்காரர் வரைக்கும் புகழ்ந்துவிடுவேன்.

அவர் எனக்கு எதிர் மூலையில் நிற்பார், ஆளைவிட உயரமான டபுள் பேஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு. வயலினை ஊதிப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அது மாதிரி. ஊர்க்காரர்களுக்கு அவர் "பெரிய பிடில்காரர்". விரலால் சுண்டச் சுண்ட கும், கும் என்று பாட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும். கேட்கிறவர்களுக்கு அப்படி ஒன்று கேட்கிறது என்பதே தெரியாது. அவர் வியர்வை துடைக்க இரண்டு தாளம் விட்டால் மட்டும் பாடுகிற பெண் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள், படியில் கால் தவறினவள் மாதிரி. மற்ற குழுக்கள் அந்தச் சத்தத்தைக் கீபோர்டிலேயே வரவழைத்துக்கொண்ட காலத்தில், பழைய பாட்டு மட்டுமே வாசிப்பது என்று இருந்த எங்களுக்கு அவரும் அந்தப் பேஸும்தான் அடையாளம்.

அது பிளைவுட்டில் செய்தது. தாள் மாதிரி மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி அழுத்தி வளைத்தது. கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து கழுத்து முறிந்து வந்ததை, லாரிப் பலகைக்குப் போடுகிற போல்ட்டை வைத்து அவரே இறுக்கிக்கொண்டார். கச்சேரிக்குப் போகும்போது தார்ப்பாய் சுற்றி வேன் கூரைமேல் படுக்கவைத்துக் கயிறு போடுவோம். மழையில் நனைந்திருக்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்திருக்கிறது. ஒருமுறை தம்மம்பட்டி ரோட்டில் கயிறு அறுந்து உருண்டே போய்விட்டது. நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினோம். அவர் நிதானமாக வந்து, விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டி, "ஒண்ணும் ஆவல" என்று தோளில் தூக்கிக்கொண்டார். ஆயுதபூஜையன்று பட்டறையில் புது லாரிகளின் வரிசையிலேயே அதற்கும் இடம் உண்டு. சந்தனம் வைத்து, அதற்கும் சேர்த்துத்தான் பூசணிக்காய் உடைப்பார்கள்.

குறை ஒன்று இருந்தது. அதை அவரே சொல்வார். "கதவச் சாத்தீட்டு உள்ளாற இருந்து பேசற மாதிரியே இருக்குது தம்பி. சொல்லு கேக்குது, ஆளு தெரியல."

அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம். சின்ன வயதில் நூல்மில்லுக்குப் போனவர். அங்கே பிடித்த இளைப்பு விடவில்லை. பனிக்காலத்தில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். கையில் எப்போதும் ஒரு சுருக்குப் பை, அதற்குள் வாயில் வைத்து இழுக்கிற மருந்து. ஆனால் பேச்சில் எவரும் ஜெயிக்க முடியாது. அவர் பேஸுக்கு எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்:

"அதுக்கும் நெஞ்சுக்குள்ள சத்தம், எனக்கும் நெஞ்சுக்குள்ள சத்தம். இந்த மனுசன் அத மட்டுந்தான் காது வெச்சுக் கேப்பாரு பாரு சாமி."

அவர் துணியைக் கீழே வைக்காமலே, "உன்னோடது கேக்காமலே கேக்குதே அம்மிணி" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு மாசி மாதம் சேலத்தில் வரவேற்புக் கச்சேரி முடிந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைப் புடவை கட்டிய அம்மா ஒருவர் மேடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவருடைய அப்பா தேவாலயத்தில் டபுள் பேஸ் வாசித்தவர். "அப்பா போனதுலேர்ந்து அது ஹால்ல சும்மா நிக்குது. எனக்குக் காசு வேண்டாம். வாசிக்கிற கை ஒண்ணு வேணும். வந்து பாருங்க" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் கூடப் போகாமல் எந்த நல்லதும் நடக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஜன்னல் ஓரம் நின்றது. முழுமரம். தடித்த பலகையை உளியால் குடைந்து குடைந்து அந்த வளைவை வரவழைத்திருந்தார்கள். ஓரத்தில் மரத்தின் ரேகை விடாமல் ஓடுவதை அவர் தச்சருடைய கண்ணோடு குனிந்து பார்த்தார். முட்டியால் ஒரு தட்டு. அப்புறம் தடித்த தந்தியை ஒருமுறை சுண்டினார்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சிவப்புச் சிமெண்டுத் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. டீச்சரின் அலமாரியில் பீங்கான் கோப்பைகள் மெதுவாக ஒன்றோடொன்று பேசின. அவர் கையை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. தானாக மெலிந்து மெலிந்து போயிற்று. அவர் பின்பக்கம் போய் மரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

"கதவு தொறந்திருச்சு தம்பி" என்றார் என்னைப் பார்க்காமல்.

அப்புறம்தான் டீச்சரிடம் கேட்டார். "இது தாங்குமாங்?"

"எது?"

"எங்க ஊரு வெய்ய."

டீச்சர் பொய் சொல்லவில்லை. "முழுமரம் வறட்சிக்கு ஆகாது, வெடிக்கும். காத்துல ஈரம் இருக்கணும். மூணு மாசம் வெச்சுப் பாருங்க. ஒத்து வந்தா அது உங்களுது. ஒத்து வரலேன்னா கொண்டாந்து விட்டுருங்க."

கூரைமேல் ஏற்ற விடவில்லை. வேனுக்குள் இரண்டு மெத்தை விரித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ராசிபுரம் தாண்டி நாமக்கல் வரைக்கும் ஒரு கையை அதன்மேல் வைத்தபடியே வந்தார். வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றார்.

"இளையவளக் கூட்டியாந்துட்டீங்க. மூத்தவ கோவிச்சுக்க மாட்டாளா?"

"நீயா, பிளைவுட்டா?"

"ரெண்டு பேரும்."

அந்த மூன்று மாதமும் முடிவு செய்கிற மாதமாகவே இருந்தது. வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா. பட்டறையில் கேட்டார், குழுவில் கேட்டார், டீக்கடையில் கேட்டார். எல்லாரிடமும் ஒரே கேள்வி. வீடு சேந்தமங்கலம் ரோட்டை ஒட்டிய சந்தில், சிமெண்டு அட்டை போட்ட இரண்டு அறை. பங்குனியில் அந்த அட்டைக்குக் கீழே நின்றால் தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பாதிப் பங்குனியில் பேஸின் மேல்பலகையில் தலைமயிர் அகலத்துக்கு ஒரு விரிசல் கண்டது.

உச்சிப்பொழுதில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு நேராக என் பண்ணைக்கு வந்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கோழிக் கொட்டகைப் பக்கமாக நின்று பேசினோம். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் கொட்டகையின் இரண்டு பக்கமும் சணல் சாக்கைத் தொங்கவிட்டு, காய விடாமல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்போம். இல்லாவிட்டால் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கியே செத்து விழும்.

"இதுக்கு ஏனுங்ணா இத்தன விசனம்? கோழிக்குக் கட்டற மாதிரி நாலு சாக்க நனச்சுக் கட்டுங்க. முட்ட வெக்காது, அவ்வளவுதான்" என்றேன்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவர் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "தாங்குமா?" என்றார்.

"அம்பதாயிரம் கோழி தாங்குது, ஒரு பிடில் தாங்காதா?"

எட்டுச் சாக்கை நானே வண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். உள்ளறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, பேஸைச் சுற்றிலும் தொங்கவிட்டோம். ஈரம் போகாமலிருக்க ஜன்னலைச் சாத்தினோம். அக்கா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "நாளைக்கு எத்தன முட்ட எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டார்.

விரிசல் அதற்கு மேல் ஓடவில்லை. காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் சாக்கு நனைப்பது வீட்டு வேலைகளில் ஒன்றாயிற்று. அவர் பட்டறைக்குப் போன நேரத்தில் நனைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோடையில் அவர் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. தம்மம்பட்டியில் ஒரு வரவேற்பு. முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வயசாளி ஒருத்தர், பாட்டு நடுவில் மெல்லுவதை நிறுத்திவிட்டார். முடிந்ததும் மேடைக்கு அருகில் வந்து, பாடகரை விட்டுவிட்டு, என்னையும் விட்டுவிட்டு, இவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்குத்தானுங்க பாட்டு கால ஊனி நிக்குது." அன்று அவர் பந்தியில் இரண்டாம் முறை உட்கார்ந்து சாப்பிட்டார். இலை தாங்குமா என்று கேட்கவில்லை. வேனில் திரும்பும்போது, "முடிவு பண்ணீட்டேன் தம்பி. வெச்சுக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பண்ணையிலிருந்து ஒரு அட்டை முட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பட்டறைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். உள்ளே ஊறின சணல் நாற்றம். சாக்குகளின் ஓரம் கறுத்துப் பூத்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அக்கா துவைகல்மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இழுத்துவிட்டு, பேச்சு வந்ததும் முதலில் சொன்னது இது:

"அவருகிட்டச் சொல்லீராத சாமி."

"அக்கா, அந்தச் சாக்குதானுங்களா?"

"ராத்திரி வாசல்ல கட்டல் போட்டுப் படுத்துக்கறேன். புழுக்கமுன்னு சொல்லியிருக்கறேன், நம்பீட்டாரு. இன்னம் ஒரு மாசம். வெய்ய தாந்துட்டா அதுக்கும் ஈரம் வேண்டாம், எனக்கும் தொந்தரவில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நேத்து வந்ததுலருந்து அவரு மொகத்தப் பாக்கலியா நீ? இந்த முப்பது வருசத்துல நான் அந்த மொகத்தப் பாத்ததில்ல. சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். ஊர் ஊராக மைக்கைப் பிடித்துக்கொண்டு, கேட்காததையெல்லாம் சொல்லித் திரிகிற வாய். அந்த ஒன்றை மட்டும் பதினெட்டு நாள் சொல்லாமல் காத்தது.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அக்கா உள்ளறையில் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவர் செம்போடு விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு ஆட்டோ பிடித்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் பட்டறை உடுப்போடு, கையில் மரத்தூளோடு நின்றிருந்தார். டாக்டர் சின்னப் பெண். "வீட்டுல ஈரம் ஏதாவது இருக்கா? பூஞ்சை பிடிச்ச சாமான்?" என்று கேட்டார்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும்ணா" என்றேன். "அக்கா சொல்ல வேண்டான்னுட்டாங்க."

"நீயா பேசாம இருந்த?" என்றார்.

திட்டவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரிதான் கேட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு நாளும் எடுத்ததில்லை. திட்டியிருந்தால் எனக்கு அந்த உறுத்தல் இவ்வளவு நாள் இருந்திருக்காது.

மறுநாளே தனியாக ஒரு வேன் பிடித்து, சேலத்துக்குப் போய்ப் பேஸை விட்டுவிட்டு வந்துவிட்டார். நாலாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளறையில் ஜன்னல் திறந்திருந்தது. சுவரில் வெள்ளையடித்த வாசம். மூலையில் பழைய பிளைவுட் நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, யாரக் கேட்டுக் கொண்டுபோயி உட்டீங்க?"

"யாரக் கேக்கோணும்?"

"நான் தாங்கீட்டுத்தான இருந்தேன்."

"பலகையக் கேட்டேன், போல்ட்டக் கேட்டேன், அந்தப் பிடிலக் கேட்டேன்." அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "உன்ன ஒரு வார்த்த கேக்கலியே அம்மிணி."

அக்கா அவர் தலையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "கேட்டிருந்தாத் தாங்குமுன்னுதான் சொல்லியிருப்பேன், போங்க."

அந்த மார்கழிப் பனியை அக்கா தாண்டவில்லை. நுரையீரல் மில்லுக்குப் போன காலத்திலேயே கெட்டுவிட்டது, சாக்கு வந்திருக்காவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று அதே டாக்டர் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தட்டிப் பார்த்த பலகை சரியில்லை என்று தெரிந்தாலும், கொண்டுவந்த வியாபாரி மனம் நோகக் கூடாதென்று இப்படித்தான் தலையாட்டுவார்.

காரியம் முடிந்த வாரத்தில் பண்ணைக்கு வந்தார். மொபெட்டில் ஒரு கட்டு. எட்டுச் சாக்கும் துவைத்து, உலர்த்தி, ஓரம் பார்த்து மடித்திருந்தது. "உங்க பண்ணைச் சாமான்" என்று வைத்துவிட்டுப் போனார். அந்தச் சாக்குகளை நான் கோழிக்குக் கட்டவில்லை. என்ன செய்தேன் என்பது இருக்கட்டும்.

பேஸ் வாசிப்பதை அவர் விடவில்லை. கூரைமேல் தார்ப்பாய், கயிறு, பழையபடி கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற சத்தம். இன்னும் சில வருடம் அப்படி ஓடியது. அப்புறம் பவானியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டோடு போனார். போன தையில் அவருக்கும் காரியம் முடிந்தது. மகள் அந்தப் பிளைவுட்டை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். அன்று எருமப்பட்டியில் பார்த்த பெண்தான் என் சம்சாரம். என் வாயைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். இப்போது இதையும் சேர்த்துத் தாங்கி, மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறாள்.

இதற்கு நடுவில், அக்கா போன மறு வருடம், டீச்சர் எனக்குப் போன் செய்தார். பேஸ் இன்னும் அங்கேதான் நிற்கிறதாம், அவர் மனது மாறியிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நான் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்ப ஊட்ல யாருக்கும் தொந்தரவில்லீங்களேணா" என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர் இறக்கிக்கொண்டிருந்த ஆணியை முழுக்க இறக்கிவிட்டு, "வா, போயிட்டு வரலாம்" என்றார்.

அதே ஹால். அதே ஜன்னல் ஓரம். டீச்சர் அடையாளம் தெரியாதவர் மாதிரி அவரைப் பார்த்தார், அக்கா போன பிறகு அவர் அவ்வளவு இளைத்திருந்தார். அவர் பேஸை நிமிர்த்தித் தோளோடு சேர்த்து, ஒரே ஒரு பாட்டை மெதுவாக முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். பாடுகிறவர் இல்லை, மேலே போகிற சத்தம் எதுவும் இல்லை. அடியில் போகிறது மட்டும். அலமாரிக் கோப்பைகள் மறுபடி பேசின. கடைசிச் சத்தம் தானாக நிற்கிற வரைக்கும் காத்திருந்து, பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தார்.

"எடுத்துட்டுப் போறீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்லீங் டீச்சர். உங்க தேவாலயத்துலயே வாசிக்கிற புள்ளைங்க இருந்தாக் குடுங்க."

"உங்க ஊர் வெயிலுக்குப் பயப்படறீங்களா?" டீச்சர் எழுந்து வந்து மேல்பலகையைக் காட்டினார். அக்காவைப் பற்றியோ சாக்கைப் பற்றியோ டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை. "இங்க பாருங்க, அந்தக் கோடு. அவ்வளவு நாள் உங்க ஊர்ல இருந்தும் மயிரகலத்துக்கு இது ஒண்ணுதான், அதுக்கு மேல ஒரு நூல்கூட ஓடல. அந்த வெயில்ல இவ்வளவு பத்திரமா யாரும் வெச்சிருக்க முடியாது. ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

அவர் குனிந்து அந்த விரிசலின்மேல் விரலை வைத்து, ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒருமுறை தடவினார்.

"ஆமாங்க" என்றார். "நல்லாப் பாத்துக்கிட்டேன்."